காலியாக உள்ள கட்டடம்

கரண்டக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தது எதிர்த்தரப்பு ஆபீஸ். எதிர்த்தரப்பு என்றால் குடிநீர்த் துறை. அவள் வேலை பார்ப்பது அரசாங்க மின் கம்பெனியின் சட்டப் பிரிவில். அவளுடைய வீட்டுக்காரர் வேலை பார்ப்பது குடிநீர்த் துறையின் சட்டப் பிரிவில். துறையும் அரசாங்கத்துடையதுதான், கம்பெனியும் அரசாங்கத்துடையதுதான். ஆனாலும் இரண்டுக்கும் பத்தொன்பது வருஷமாக வழக்கு நடந்துகொண்டிருந்தது. கம்பெனி சார்பில் போகிற கடிதங்களை அவள் எழுதுவாள். துறை சார்பில் வருகிற பதில்களை அவர் எழுதுவார். கையெழுத்துப் போடுகிற அதிகாரிகள் மாற்றலாகிப் போய்க்கொண்டே இருந்தார்கள். எழுதுகிற கைகள் மட்டும் மாறவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் இப்படி எதிரெதிரே உட்கார்ந்திருப்பது சரியா என்று ஆரம்பத்தில் யாரோ கேட்டார்களாம். அப்படியானால் இந்த வழக்குக் காகிதக் கட்டை நீ எடுத்துக்கொள் என்று சொன்னதும் கேட்டவர் வாயை மூடிக்கொண்டாராம். அந்தக் கட்டு அப்போதே முழங்கால் உயரம் வந்துவிட்டது.

சண்டை முக்கால் ஏக்கர் நிலத்துக்கு. ஒரு காலத்தில் ஊருக்கெல்லாம் தண்ணீர் ஏற்றிய பம்ப் ஹவுஸ் அதில் இருக்கிறது. இப்போது அதற்குள் மோட்டார் கிடையாது, புறாக்கள்தான். பின்பக்கம் கம்பெனியின் டிரான்ஸ்பார்மர்கள் வரிசையாக நின்று முனகிக்கொண்டிருக்கும். நடுவில், பம்ப் ஓட்டுகிறவருக்காகக் கட்டிய குவார்ட்டர்ஸ் ஒன்று: இரண்டு அறை, ஒரு சமையலறை, முன்னால் கம்பி அடித்த வராந்தா. டிரான்ஸ்பார்மர் வைக்க நிலம் கொடுத்தபோது துறை ஒரு கடிதம் எழுதியது. அதோடு ஒரு வரைபடம் இணைத்திருப்பதாகக் கடிதம் சொல்கிறது. அந்த வரைபடம் யாரிடமும் இல்லை. பின்பக்கம் மட்டும் கொடுத்தோம் என்று துறை சொன்னது, குவார்ட்டர்ஸோடு சேர்த்துத்தான் கொடுத்தீர்கள் என்று கம்பெனி சொன்னது. இந்த ஒரு வரியைத்தான் இரண்டு தரப்பும் பத்தொன்பது வருஷமாகப் பத்தி பத்தியாக எழுதிக்கொண்டிருந்தன.

காலையில் ஒரே பானைச் சோற்றை இரண்டு டப்பாவில் அடைத்துக்கொண்டு புறப்படுவார்கள். பஸ் நிறுத்தம் வரை ஒன்றாக நடந்து, அவர் கிழக்கே போகிற பஸ்ஸில் ஏற, அவள் மேற்கே போகிற பஸ்ஸில் ஏறுவாள். வீட்டில் வழக்கைப் பற்றிப் பேசுவதில்லை என்று ஒரு கட்டுப்பாடு. அதனால் ஒன்றும் தெரியாமல் போய்விடவில்லை. தபாலில் வருகிற பதிலைப் பிரித்ததுமே, அதை எழுதின அன்றைக்கு அவருக்கு மனசு எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். காலையில் ஏதாவது வாய்த் தகராறு ஆகியிருந்தால் பதிலில் 'வன்மையாக மறுக்கப்படுகிறது' என்று வரும். சமாதானமாக இருந்த நாள் என்றால் வெறும் 'மறுக்கப்படுகிறது'தான். ஒரு தடவை மூன்று பத்திக்கும் சேர்த்து 'அடிப்படையற்றது, உள்நோக்கம் கொண்டது' என்று வந்திருந்தது. அதில் போட்டிருந்த தேதிக்கு முந்தின நாள் அவர் சட்டையை இஸ்திரி போடும்போது அவள் கருக்கியிருந்தாள்.

அந்தக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தது இவர்கள்தான். அதுதான் இந்தக் கதையில் சிக்கலே.

வழக்கு வருவதற்கு மூன்று வருஷம் முன்னால், கல்யாணமான புதிதில், துறையில் அப்போதிருந்த எஞ்சினியர் அவரைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார். சும்மா பூட்டிக் கிடக்கிறது, நீ போய் இரு, ஆர்டர் பின்னால் போட்டுக்கொள்ளலாம் என்றார். ஆர்டர் போடுவதற்குள் அந்த எஞ்சினியர் ரிட்டயர் ஆகி, கொஞ்ச நாளில் போயும் சேர்ந்துவிட்டார். வழக்கு தொடங்கியதும் இனி அந்த இடத்துக்கு எந்த ஆர்டரும் போடக்கூடாது என்று ஆகிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் கம்பெனியின் மேனேஜர் அவளிடம், அந்தக் கட்டடத்தில் யாராவது இருக்கிறார்களா, பார்த்து எழுது என்று சொன்னார். அன்றைக்குச் சாயங்காலம் சமையலறையில் நின்றுகொண்டுதான் இருவரும் அதைப் பேசினார்கள். அதற்குப் பிறகு வருஷக்கணக்காக அந்த வீட்டில் வழக்கைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

"யார் இருக்காங்கன்னு கேக்கறாரு. என்னன்னு எழுத?"

"நான் இருக்கேன்னு எழுதினா எங்க ஆபீஸ்ல ஆர்டர் எங்கன்னு கேப்பாங்க. அந்த மனுஷன் வாயால சொன்னதுதான, காயிதம் ஏது?"

"நான் இருக்கேன்னு எழுதினா எங்காளு விடமாட்டாரு. எங்க கம்பெனி ஆளுதான் உள்ள இருக்கு, அதனால இடம் எங்களோடதுன்னு ஆரம்பிச்சிடுவாரு. அப்புறம் உங்க ஆபீஸ்ல உங்களைத்தான் நிக்க வெப்பாங்க."

அவர் கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப யாரும் இல்லன்னு எழுது," என்றார். "நான் மறுக்கல."

அவள் எழுதினாள்: மேற்படி கட்டடம் பழுதடைந்த நிலையில் காலியாக உள்ளது. அது கடிதத்தில் ஏழாவது பத்தி. பத்து நாளில் துறையின் பதில் வந்தது. மற்ற எல்லாப் பத்தியும் மறுக்கப்பட்டிருந்தது. ஏழாவதுக்கு மட்டும் 'சரியே' என்று இருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ மனு, எதிர்மனு, கூடுதல் மனு. ஒவ்வொன்றிலும் அந்த வரி ஏழாவது பத்தியாக வந்துகொண்டே இருந்தது. கோர்ட்டு தேதி கொடுத்துக்கொண்டே போனது, இருவரும் மாறி மாறி அவகாசம் கேட்டுக்கொண்டே போனார்கள். அவகாசம் கேட்கிற கடிதத்தை மட்டும் இரண்டு பேருமே ரொம்ப அழகாக எழுதுவார்கள். ஏன் என்று ஒருவரை ஒருவர் கேட்டதில்லை.

காலியாக இருக்கிற கட்டடத்தில் குடியிருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. முன்பக்கம் விளக்குப் போடமுடியாது. துணியைப் பின்னால்தான் உலர்த்தவேண்டும். கூரை ஒழுகினால் கொத்தனாரைக் கூப்பிட முடியாது, அவரே ஏறித் தார் ஷீட்டை ஒட்டிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். கடிதம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் ஆபீஸ் முகவரிக்குத்தான் வரும். அந்த வீட்டு வாசலில் ஒரு நாளும் தபால்காரர் நின்றதில்லை.

வேறு வீடு பார்த்துக்கொண்டு போயிருக்கலாமே என்று கேட்கலாம். போனார்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை போனார்கள். அண்ணிக்காகத்தான் திரும்பி வந்தார்கள்.

அண்ணி என்றால் அவருடைய அக்கா. முப்பது வயசில் கண் போய்விட்டது. கட்டிக்கொண்டவன் அதற்கு அடுத்த வருஷம் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். அண்ணி பிரம்பு நாற்காலி பின்னுவாள். துறையின் ஸ்டோர் கீப்பர், விஷயம் தெரிந்தும் வெளியே சொல்லாத மனுஷர், பழைய நாற்காலிகளை வண்டியில் ஏற்றி அனுப்புவார். உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் ஓட்டை விழுந்த நாற்காலிகள். அண்ணி பழைய பின்னலை வெட்டி எடுத்துவிட்டு, துளை ஒவ்வொன்றையும் ஊசியால் குத்திச் சுத்தம் செய்வாள். பிரம்பு நாரைத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு, முதலில் நீளவாக்கில், அப்புறம் குறுக்கே, அப்புறம் மூலைக்கு மூலை என்று இழுப்பாள். நார் நழுவாமல் இருக்கத் துளையில் சின்ன மர ஆப்பு. ஒரு நாற்காலிக்கு இரண்டு நாள். காய்ந்து இறுகினதும் விரலால் சுண்டிப் பார்ப்பாள். சத்தம் பிடிக்காவிட்டால் பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். கடைசி முடிச்சை எப்போதும் இடது பக்கம் அடியில் திருப்பிச் சொருகுவது அவள் வழக்கம்.

அந்த வீடு அண்ணிக்கு விரல் நுனியில் இருந்தது. வராந்தாவிலிருந்து குழாயடிக்குப் பதினொரு எட்டு. மூன்றாம் படியில் ஓரம் உடைந்திருக்கிறது. சமையலறைக் கதவு நிலை கொஞ்சம் தாழ்வு. எட்டு வருஷத்துக்கு முன்னால் வாடகைக்குப் போன வீட்டில் நாலாம் நாளே குளியலறையில் விழுந்து மணிக்கட்டு ஒடிந்தது. இரண்டு மாசம் அண்ணி கட்டிலைவிட்டு இறங்கவில்லை. கைகள் சும்மா கிடந்தன. தண்ணீர் குடிக்கக்கூடக் கூப்பிட்டாள். கூப்பிடுவது பிடிக்காமல், அப்புறம் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள். ஒரு நாள் கரண்டக்கா ஆபீஸிலிருந்து வந்தபோது அண்ணி சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு விரல்களை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள், மடியில் நாற்காலி இருக்கிற மாதிரி. அந்த வாரமே பழைய வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். பூட்டு இவர்களுடையதுதான், சாவியும் இவர்களிடமே இருந்தது, அதிகாரிகள் யாருக்கும் தெரியவில்லை.

ஒரே ஒரு பாடம் மட்டும் அண்ணிக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். தெரியாத காலடி கேட்டால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமில்லாமல் இருக்கவேண்டும். அண்ணிக்குக் காலடி விஷயத்தில் தப்பே வராது. ஸ்டோர் வண்டிக்காரர் வருவது அவளுக்குத் தெருமுனையிலேயே தெரியும். தம்பியின் நடையைக் கேட்கவே வேண்டாம். கூரையிலிருந்து ஒரு தடவை சறுக்கி விழுந்ததில் அவருக்கு இடது கால் இழுக்கும்.

போன வருஷம் கோர்ட்டுக்கே அலுத்துப்போய்விட்டது. வலது கைக்கும் இடது கைக்கும் தகராறு என்று என்னிடம் ஏன் வருகிறீர்கள் என்று நீதிபதி கேட்டாராம். அரசாங்கம் ஒரு புதுக் குழு வைத்தது. துறைக்கும் கம்பெனிக்கும் நடுவில் இருக்கிற வழக்குகளை எல்லாம் கோர்ட்டிலிருந்து எடுத்து அதில் போட்டுவிட்டார்கள். வக்கீல் கூடாது, அவகாசம் கூடாது, தொண்ணூறு நாளில் முடிக்கவேண்டும். அதற்கு முதலில் இரண்டு தரப்பும் சேர்ந்து ஒரே தாளில் எழுதிக் கொடுக்கவேண்டும்: ஒரு பக்கம் ஒப்புக்கொண்டவை, மறுபக்கம் ஒப்புக்கொள்ளாதவை. அவள் எழுதி அனுப்பினாள், அவர் திருத்தி அனுப்பினார். கடைசியில் பார்த்தால் ஒப்புக்கொள்ளாதவை நாற்பத்திரண்டு. ஒப்புக்கொண்டது ஒன்றே ஒன்று.

கூட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மழை. சமையலறையில் இரண்டு இடத்தில் ஒழுகியது, பாத்திரம் வைத்திருந்தார்கள். அண்ணி வராந்தாவில் ஒரு பெரிய கை வைத்த நாற்காலியைக் கவிழ்த்துப்போட்டு முடிச்சுச் சொருகிக்கொண்டிருந்தாள். இவர்கள் உள்ளே சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். கட்டுப்பாட்டை முதலில் மீறியது அவள்தான்.

"நாளைக்கு என்னங்க ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. எங்க எஞ்சினியருக்கு 'பார்ப்போம்'னு சொல்றதைத் தவிர வேற வார்த்தை தெரியாது."

"எங்க மேனேஜர் புதுசு. போன மாசம்தான் வந்தாங்க. அவங்களுக்கு எதையாச்சும் முடிச்சாத் தேவல. கைல ஒண்ணு முடிச்சேன்னு காட்டணும்ல."

"எனக்கு இன்னும் பதினாலு மாசம் சர்வீஸ் இருக்கு." அவர் தட்டை ஒதுக்கி வைத்தார். "அது வரைக்கும் இழுத்தாப் போதும்னுதான் நினைச்சுட்டிருந்தேன். அதுக்கப்புறம் என்னன்னு நினைக்கவேயில்ல. நினைக்கத் தெம்பில்ல."

"நீங்களும் இழுத்துட்டுத்தான் இருந்தீங்களா?"

அவர் அவளைப் பார்த்தார். "பின்ன? நீ மட்டும்தான் கெட்டிக்காரின்னு நினைச்சியா?" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இரண்டுக்கும் நேரமில்லை, பாத்திரம் நிரம்பிவிட்டது. எழுந்துபோய்க் கொட்டிவிட்டு வந்தாள்.

குழுவின் அறை இரண்டாம் மாடியில் இருந்தது. நீளமான மேஜை, மேலே சுற்றினால் கிறீச்சிடுகிற விசிறி. கம்பெனி ஒரு பக்கம், துறை மறுபக்கம். அதிகாரிகளுக்குப் பின்னால் ஆளுக்கொரு மர ஸ்டூலில் அவளும் அவரும் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அதிகாரிகளுக்குப் போட்டிருந்தது பிரம்பு நாற்காலிகள். அவளுடைய மேனேஜர் நாற்காலியை இழுத்தபோது அடியில் இடது பக்கம் திருப்பிச் சொருகிய முடிச்சு தெரிந்தது. எதிரே பார்த்தாள். அவரும் எஞ்சினியரின் நாற்காலிக்கு அடியில்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் ரிட்டயர் ஆன நீதிபதி, ஒல்லியான மனுஷர். அன்றைக்கு அவருக்கு அது மூன்றாவது வழக்கு, காலையிலேயே களைத்துப் போயிருந்தார். தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, பத்தொன்பது வருஷத்தில் ஒன்றாவது ஒப்புக்கொண்டீர்களே, அதுவரைக்கும் நல்லது, அதிலிருந்தே ஆரம்பிப்போம் என்றார். கட்டடம் காலி, பாழடைந்தது, இரண்டு பேரும் சொல்கிறீர்கள். அதை இடித்துவிட்டால் என்ன? இடித்த இடத்தில் நடுவில் ஒரு சுவர். பின்னால் இருப்பது கம்பெனிக்கு, முன்னால் இருப்பது துறைக்கு. யாரும் குடியில்லை என்பதால் நோட்டீஸ் வேண்டாம், ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

மேனேஜரம்மாள் சரி என்றார். எஞ்சினியர் பார்ப்போம் என்று ஆரம்பித்து, எல்லாரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு, அவரும் சரி என்றார். பத்தொன்பது வருஷத்து வழக்கு இருபது நிமிஷத்தில் முடிந்தது. கரண்டக்காவின் மடியில் இருந்த கட்டு நழுவப் பார்த்தது, பிடித்துக்கொண்டாள்.

கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்த தலைவர், போடாமல் நிறுத்தினார். பார்க்காமல் கையெழுத்துப் போட்டு ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன், இடம் எவ்வளவு தூரம் என்று கேட்டார். வண்டியில் கால் மணி நேரம் என்று எஞ்சினியர் சொன்னார். அப்படியானால் போய்ப் பார்த்துவிட்டே வந்துவிடலாம் என்று எழுந்துவிட்டார். கூட்டு ஆய்வு என்று இதற்கு முன்னால் ஒன்பது தடவை நடந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு தரப்பு, கையெழுத்துப் போட அதிகாரம் இல்லாத ஆளாகப் பார்த்து அனுப்பும். அந்த ஆள் வெளிக் கேட்டில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். சொல்லாமல் கொள்ளாமல் இப்படி ஒருவர் எழுந்து நடப்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

வேனில் பின் சீட்டில் கட்டுகளோடு அவர்கள் இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். ஆபீஸ் நேரத்தில் சேர்ந்து வீட்டுக்குப் போவது இதுதான் முதல் தடவை. அண்ணியிடம் போன் கிடையாது. வாங்கித் தருகிறேன் என்றதற்கு, யார் என்னைக் கூப்பிடப் போறாங்க என்று மறுத்துவிட்டாள்.

"அண்ணி வராந்தாவுலதான் இருப்பாங்க," என்றாள் அவள், உதடு அசையாமல்.

"தெரியாத காலடி கேட்டா உள்ள போயிடுவா. கதவைச் சாத்திக்குவா. இவங்க வெளியவே நின்னு பாத்துட்டுப் போயிடுவாங்க."

"அடுத்த வாரம்?"

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வெளியே முந்தின நாள் மழைத் தண்ணீர் ரோட்டோரம் தேங்கி நின்றது. ஓரமாக நடந்துபோன வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மீது வேன் சேற்றை அடித்துவிட்டுப் போனது. வேனைப் பார்த்து அவர் திட்டுவது கண்ணாடிக்கு அப்பால் வாயசைவாகத் தெரிந்தது.

வெளிக் கேட் அருகே எல்லாரும் இறங்கினார்கள். தலைவர் நிற்கவில்லை. செருப்பில் சேறு ஒட்ட ஒட்ட உள்ளே நடந்தார். பின்னால் மேனேஜர், எஞ்சினியர், கடைசியில் இவர்கள். தூரத்திலேயே கரண்டக்கா பார்த்துவிட்டாள். வராந்தாவில் யாரும் இல்லை, கதவு சாத்தியிருந்தது. கை வைத்த நாற்காலி மட்டும் பின்னி முடித்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. நல்லவேளை என்று அவள் நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"காலிதானே?" என்று தலைவர் திரும்பிக் கேட்டார்.

ஆமாம் சார் என்றார் எஞ்சினியர். ஆமாம் என்றார் மேனேஜர். இருவருக்கும் அது பொய் என்று தெரியாது, அவர்கள் படித்ததைச் சொன்னார்கள். அப்போது கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"தம்பியா?"

ஐந்து ஜோடிக் காலடிகள் வந்தபோது அண்ணி சொல்லிக்கொடுத்தபடிதான் உள்ளே போய்த் தாழ் போட்டிருக்கிறாள். அதில் ஒரு கால் இழுத்துக்கொண்டு வருவதை அப்புறம்தான் கேட்டிருக்கிறாள். இவர்கள் கூட வராமல் இருந்திருந்தால் அவள் மூச்சுக் காட்டியிருக்கமாட்டாள்.

"தம்பி, நீதான? இந்நேரத்துல என்ன? கூட யாரு அத்தனை பேரு?"

அவர் பேசவில்லை. கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அறுபதை நெருங்கும் வயசில், அக்கா கூப்பிட்டு அவர் பேசாமல் நின்றது அன்றைக்குத்தான். எஞ்சினியர் அவரைப் பார்த்தார். மேனேஜர் கரண்டக்காவைப் பார்த்தார். 

தாழ் விலகியது. அண்ணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கையெல்லாம் ஊறின பிரம்புச் சக்கை. முகம் வெளுத்திருந்தது.

"ஏன்டா பேசமாட்டேங்கற? நட்ட நடுப் பகல்ல இத்தனை பேரு சேந்து வந்து வாயைத் திறக்காம நிக்கிறீங்க." அவள் நிலையை விட்டுவிட்டு ஓர் எட்டு முன்னால் வைத்தாள். "அவளுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா? ஆபீஸ்ல ஷாக் கீக் அடிச்சிடுச்சா? அவளைக் கொண்டாந்திருக்கீங்களாடா? சொல்லித் தொலைடா தம்பி."

அவள் முன்னால் கையை நீட்டிக் காற்றில் துழாவிக்கொண்டு மூன்றாம் படிக்கு வந்துவிட்டாள். கரண்டக்கா அதற்கு மேல் எதையும் யோசிக்கவில்லை. கட்டு கையிலிருந்து சேற்றில் விழுந்தது. ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"நான் இங்கதான் இருக்கேன் அண்ணி. எனக்கு ஒண்ணும் ஆகல. நாங்கதான், நம்ம வீட்டுக்குத்தான் வந்திருக்கோம்."

அண்ணி அவள் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள். கண், மூக்கு, காது, தோடு. பிறகு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். 

தலைவர்தான் முதலில் அசைந்தார். வராந்தாவில் ஏறி, அந்தக் கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். சமையலறையில் இன்னும் ஈரம் காயாத பாத்திரங்களும், கொடியில் தொங்குகிற துணியும் அங்கிருந்தே தெரிந்தன. தாளை வெளியே எடுத்தார்.

"காலியாக உள்ளதுன்னு எழுதினது யாரு?"

"நான்தான் சார்," என்றாள் கரண்டக்கா.

"சரின்னு எழுதினது நான்தான் சார்," என்றார் அவர். முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "இது எங்கக்கா."

எஞ்சினியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார். அந்த மனுஷர் கோபப்படவில்லை. கோபப்படக்கூட அலுத்துப்போன முகமாக இருந்தது. பேனாவை எடுத்துக் கரண்டக்காவிடமே கொடுத்தார். இப்போது பார்த்ததை எழுதுங்கள், இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடட்டும், குடியிருக்கிறவர்களுக்கு நோட்டீஸ் கொடுக்காமல் நான் ஒரு செங்கல்லைக்கூட எடுக்கச் சொல்லமாட்டேன் என்றார். ஏழாவது பத்தியை அவள் குறுக்கே கோடு போட்டு அடித்தாள்.  அதன் மேல் எழுதினாள்: கட்டடத்தில் மூன்று பேர் குடியிருக்கிறார்கள்.

அண்ணி படியிலிருந்தபடியே தலையைத் திருப்பினாள். "யாரு அந்த நாற்காலில உக்காந்தது? இன்னும் காயலையே. எந்திரிங்க, பின்னல் தொய்ஞ்சிடும்," என்றாள். நீதிபதி எழுந்து நின்றுகொண்டார்.

அப்புறம் நடந்ததெல்லாம் நடக்கவேண்டியபடி நடந்தது. இருவருக்கும் ஆளுக்கொரு மெமோ வந்தது. ஏன் உங்கள் மேல் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று கேட்டு இரண்டு ஆபீஸும் ஏறக்குறைய ஒரே வார்த்தைகளில் எழுதியிருந்தன. அவற்றை எழுதியது வேறு கைகள். விளக்கம் இரண்டையும் அவளே எழுதினாள். நீதான் நல்லா எழுதுவ என்று அவர் சொல்லிவிட்டார். ஆளுக்கு ஒரு வருஷ இன்கிரிமெண்டை வெட்டிவிட்டு, கட்டையும் அவர்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள்.

ஆய்வு நடந்து மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில், வெளிக் கேட்டில் சைக்கிள் மணி கேட்டது. தெரியாத காலடி. அண்ணி பழக்க தோஷத்தில் எழுந்து கதவுப் பக்கம் போனாள், போய் நின்றாள், திரும்பி வந்து வராந்தாவிலேயே உட்கார்ந்துகொண்டாள். இங்க வீடு இருக்கா என்று கேட்டுக்கொண்டே தபால்காரர் உள்ளே வந்தார். இருக்கு, இப்படிக் கொண்டாங்க என்றாள் அண்ணி.

குளித்துக்கொண்டிருந்த கரண்டக்கா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது அண்ணி உறையை மடியில் வைத்து, ஓரங்களைக் கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பிரித்துப் பார்த்தாள் கரண்டக்கா. குழுவின் நோட்டீஸ்தான். தொண்ணூறு நாளுக்குள் காலி செய்யவேண்டும் என்று இருந்தது. தொண்ணூறு நாள். சாயங்காலம் சாயங்காலம் கூட்டிப்போய்ப் பழக்கினால் புது வீட்டில் அண்ணிக்குப் படி எது, குழாய் எது என்று கால் பழகிவிடும், அதற்குள் பழகிவிடும் என்று அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். வாசித்துச் சொன்னாள். அண்ணி முழுதும் கேட்டுக்கொண்டாள்.

"அது கெடக்கட்டும். மேல என்ன போட்டிருக்கு? நம்ம வீட்டு அட்ரஸா?"

"ஆமா அண்ணி."

"வாசி, கேப்போம்."

"குடியிருப்போர், பழைய பம்ப் ஹவுஸ் குவார்ட்டர்ஸ்."

அண்ணி நாரைத் தொட்டியில் போட்டுவிட்டு ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை வாசி," என்றாள்.

கரண்டக்கா முதலிலிருந்து வாசித்தாள்.